பொருள் புரட்டும் ஆங்கிலச் சொற்கள்

ஒரு டப்பாவில் 'இன்ஃப்ளேமபிள்' என்று போட்டிருந்தால், தீப்பிடிக்காத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றும் என்றுதான் அர்த்தம். முன்னால் நிற்கும் 'இன்' இங்கே 'இல்லை' என்ற பொருளில் வரவில்லை. 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதேதான். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று இருக்கும். இந்த ஒன்றையாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் 'பைவீக்லி'. வாரம் இருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என இரண்டு அர்த்தமும் அகராதியிலேயே உண்டு. மெயிலில் இந்தச் சொல்லே வேண்டாம். கிழமையையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்றால், பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் ஒத்திப்போடுவது! இரு நாட்டுக்காரர்களும் இருந்தால், எதைச் சொல்கிறார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. 'சாங்ஷன்' சமாளிக்கக்கூடியது: லோன் சாங்ஷன் என்றால் அனுமதி, ஒரு நாட்டின் மீது சாங்ஷன் என்றால் தடை. பக்கத்துச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

காலப்போக்கில் மாறியவையும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'நைஸ்' என்றால் முட்டாள். பழைய நூல்களைப் படிக்கும்போது, சொல் பிறந்த கதையும் சொல்லும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.