சிம் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, இணையம் இல்லையா? ஏபிஎன் அமைக்கும் முறை

அழைப்பு வருகிறது, போகிறது. இணையம் மட்டும் எட்டிப் பார்க்க மறுக்கிறது. மொபைல் டேட்டா இயக்கத்தில் இருக்கிறதா, இரண்டு சிம் உள்ள கைபேசியில் சரியான சிம் டேட்டாவுக்குத் தேர்வாகியிருக்கிறதா, டேட்டா தீர்ந்துவிடவில்லையே என்று முதலில் பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஏபிஎன்னைச் சந்தேகிக்கலாம்.

ஏபிஎன் என்பது 'ஆக்சஸ் பாயின்ட் நேம்'. கைபேசி இணையத்துக்குள் நுழைய எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் பெயர். பொதுவாக சிம்மைப் போட்டதுமே இது தானாக அமைந்துவிடும். வெளிநாட்டுக் கைபேசியிலும் சிறிய நிறுவனங்களின் சிம்மிலும் சில சமயம் நாமே எழுத நேரும். சரியான பெயரை சிம் கொடுத்த நிறுவனத்திடமிருந்தே பெறுங்கள்.

1. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அதற்குள் மொபைல் நெட்வொர்க், அதற்குள் ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ். இடையில் வரும் தலைப்புகள் கைபேசிக்குக் கைபேசி மாறும். தேடல் பெட்டியில் ஏபிஎன் என்று தேடுவதே சுருக்கு வழி.

2. ஏற்கெனவே இருப்பதைத் திருத்தாதீர்கள். கூட்டல் குறியைத் தொட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள்.

3. நீண்ட படிவம் ஒன்று திறக்கும். மிரள வேண்டாம். 'நேம்' என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த எதையும் எழுதலாம். 'ஏபிஎன்' என்ற இடத்தில்தான் கவனம் தேவை: நிறுவனம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். விசைப்பலகை தானாகச் சேர்க்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காரியத்தைக் கெடுத்துவிடும்.

பிராக்ஸி, போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிறுவனம் தரவில்லையென்றால் காலியாகவே விடுங்கள். எம்சிசி, எம்என்சி இரண்டும் நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கும் எண்கள். சிம்மைப் பார்த்துக் கைபேசியே நிரப்பியிருக்கும். முதல்முறை நான் அவற்றையும் 'சரிசெய்தேன்'. சேமித்ததும் நான் எழுதியது பட்டியலிலேயே இல்லை! மூன்று முறை எழுதி, மூன்று முறை தொலைத்த பிறகுதான் புரிந்தது: சிம்மோடு பொருந்தாத எண் கொண்ட ஏபிஎன்னைக் கைபேசி காட்டாது.

4. மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'சேவ்' கொடுங்கள். பட்டியலுக்குத் திரும்பி, புதிய பெயருக்கு அருகிலுள்ள வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பலர் தவறவிடுவது இந்த வட்டத்தைத்தான்.

5. வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். இல்லையேல் வைஃபை தரும் இணையத்தைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். விமானப் பயன்முறையைச் சில நொடிகள் போட்டு எடுத்தபின், இதுவரை திறக்காத ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் 'மொபைல் டேட்டா நெட்வொர்க்' என்று இருக்கும். அது கண்ணில் படவில்லையென்றால், அதை நீங்கள் மாற்ற நிறுவனம் அனுமதிக்கவில்லை என்று பொருள்.

எங்கோ குழப்பிவிட்டதாகத் தோன்றினால், அதே மூன்று புள்ளிகளுக்குள் 'ரீசெட் டு டிஃபால்ட்' இருக்கிறது. அது நீங்கள் எழுதியதையும் அழித்துவிடும் என்பதால், முன்கூட்டியே திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.