டிராவல் ஜூம் வாங்கும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

டிராவல் ஜூம் என்பது அகலக் காட்சியிலிருந்து தொலைவுக் காட்சி வரை ஒன்றிலேயே எடுக்கும் பயண லென்ஸ்; 24-200 என்பதுபோல் இரண்டு மி.மீ. எண்கள் அதில் இருக்கும். அதைத் தேடுகிறவர்களின் கண் முதலில் பெரிய எண்ணில்தான் போய் நிற்கும். 200-ஆ, 240-ஆ, 300-ஆ? அதைவிட முக்கியம் சின்ன எண்: எவ்வளவு அகலம் அடங்கும் என்பதைச் சொல்வது அதுதான்.

ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவுடன் ஒரு சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றால், 24 மி.மீ.-ல் 7.5 மீட்டர் அகலம் அடங்கும். 28-ல் சுமார் 6.4 மீட்டர்தான். குறுகிய தெருவில் பின்னால் நகர இடமிருக்காது. விட்டுப்போன ஒரு மீட்டர் போனதுதான். (நாலு படம் எடுத்து ஒட்டலாம். ஆட்கள் நடமாடும் இடத்தில் பாதித் தலை, இரட்டைக் கால் என்று வந்து நிற்கும்.) தொலைவுப் பக்கம் இந்த நெருக்கடி இல்லை. 200-ல் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தை 240 அளவுக்கு வெட்டினாலும் 16-க்கு மேல் மிஞ்சும், 300 அளவுக்கு வெட்டினாலும் 10-க்கு மேல் இருக்கும். அச்சுப் போட அது தாராளம்.

சென்சார் சிறிதானால் அடங்கும் காட்சியும் குறுகும். அதனால் எண்களை ஒப்பிடும்முன் சென்சார் அளவுக்கேற்ற எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1.5, கேனான் ஏபிஎஸ்-சி 1.6, அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 2. ஆக, சோனியின் 18-135 என்பது 27-200 மாதிரி. ஒலிம்பஸ் 12-100 என்பது 24-200 மாதிரி. இதை மறந்து, டாம்ரானின் 28-200-ஐ ஏபிஎஸ்-சி கேமராவான சோனி ஏ6400-ல் மாட்டுகிறவர்கள் இரண்டு விதத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, அது 42-300 ஆகிவிடும். அறைக்குள் ஆளை மட்டும்தான் எடுக்கலாம், அறையை எடுக்க முடியாது. இன்னொன்று, அந்த லென்ஸிலும் நடுக்கத் தடுப்பு இல்லை, அந்த கேமராவிலும் இல்லை.

நடுக்கத் தடுப்பு இரண்டில் ஒன்றிலாவது இருந்தாக வேண்டும். கேமராவுக்குள் இருப்பது அகலப் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். 200-ஐத் தாண்டினால் லென்ஸுக்குள் இருப்பதுதான் கைகொடுக்கும். எதுவுமே இல்லையென்றால் 200 மி.மீ.-ல் ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 நொடி, நிம்மதியாக இருக்க 1/400. எது இருந்தாலும் அது உங்கள் கையைத்தான் பிடிக்கும், ஓடுகிற குழந்தையைப் பிடிக்காது.

அடுத்தது வெளிச்சம். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு (அபெர்ச்சர்): எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்கான உணர்திறன்: அதை ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி கூடும். மாலையில் எஃப்/2.8, 1/200, ஐஎஸ்ஓ 1600-ல் கிடைக்கும் அதே படத்துக்கு எஃப்/6.3-ல் ஐஎஸ்ஓ 8000 வேண்டும், ஐந்து மடங்கு. பெட்டியில் எஃப்/2.8-5.6 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்: அந்த 2.8 அகல முனையில் மட்டும், ஜூமைத் திருப்பத் திருப்பத் திறப்பு சுருங்கிக்கொண்டே போகும். கடையில் மாட்டிப் பாருங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவிட்டு 35, 50, 85-க்குத் திருப்பி, திரையில் என்ன எண் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படங்களில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் எடுப்போம். இரவுக்கு மட்டும் எஃப்/1.8 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது, எஃப்/6.3 ஜூமோடு மல்லுக்கட்டுவதைவிட நல்லது.

எடையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோனி 24-240 கிட்டத்தட்ட 780 கிராம், கேனான் ஆர்எஃப் 24-240 750, டாம்ரான் 28-200 575, நிக்கான் இசட் 24-200 570. நிக்கான் இசட் டிஎக்ஸ் 18-140 வெறும் 315. நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது 200 கிராம் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கனமான லென்ஸ் மூன்றாம் நாள் அறையிலேயே தங்கிவிடும். ஃபுல் ஃப்ரேம்காரர்களுக்கு நிக்கானின் 24-200 போல, 24-ல் தொடங்கி 600 கிராமுக்குள் நிற்பதுதான் சரியான சமரசம் என்பது எங்கள் கணக்கு.

சில லென்ஸ்கள் மென்பொருளை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. கேனான் 24-240-ல் 24 மி.மீ.-ல் எடுத்த ரா (கேமரா பதப்படுத்தாத மூல) கோப்பைத் திருத்தமில்லாமல் திறந்தால் மூலைகள் கறுப்பாகவே இருக்கும். இது பழுதில்லை. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அந்த லென்ஸின் குறைகளைத் தானாகத் திருத்தும் புரொஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை. செங்கல் சுவருக்கு நேராக, சாயாமல், முக்காலியில் கேமராவை நிறுத்துங்கள். நடுக்கத் தடுப்பை அணையுங்கள். 2 நொடி டைமர் வைத்து அகல முனை, நடு, தொலை முனை என மூன்றிலும், முழுத் திறப்பில் ஒன்று, எஃப்/8-ல் ஒன்று எடுங்கள். கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலென்றால் அது அந்த வடிவமைப்பின் குணம். மூன்றில் செங்கல் இடுக்கு தெளிவாக இருந்து, ஒன்றில் மட்டும் குழைந்து போயிருந்தால், கேமராவைச் சரியாக நேராக்கி இன்னொரு முறை எடுங்கள். மறுபடியும் அதே மூலைதானென்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, மாற்றிக் கேளுங்கள். ஜூமில் கண்ணாடித் தொகுதிகள் அதிகம், அதனால் இந்தக் குறை பிரைமைவிட இதில் அடிக்கடி வரும்.

அப்படியே லென்ஸைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, நடக்க நடக்கத் தானாக நீள்கிறதா என்றும் பாருங்கள். நீண்டால் பூட்டு இருக்க வேண்டும். முன்னால் மலிவான யுவி ஃபில்டர் மட்டும் வேண்டாம்: 24-ல் ஒன்றும் தெரியாது, 200-ல் படம் சோப்புப் போட்டதுபோல் மழுங்கும். பழியோ லென்ஸ் மேல் விழும்.