கவுன்சில் டாக்ஸ் கட்டினால் ஓட்டு வந்துவிடாது

இங்கிலாந்துக்கு வந்து வீடு எடுத்ததும் எல்லோரும் முதலில் செய்வது கவுன்சில் டாக்ஸை, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரியை, தங்கள் பெயருக்கு மாற்றுவதுதான். கவுன்சிலுக்குத்தான் நம்மைத் தெரிந்துவிட்டதே, வாக்காளர் பட்டியலிலும் ஏற்றியிருப்பார்கள் என்று நானும் நம்பினேன். அடுத்த மே மாதத் தேர்தலன்று சர்ச் ஹாலில் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த அம்மா ஸ்கேலை வைத்து வரிவரியாகத் தேடினார். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே, முன்பு குடியிருந்தவர் பெயர்தான் இருந்தது. டாக்ஸ் பிரிவு வேறு, தேர்தல் பிரிவு வேறு. அங்கே பெயர் கொடுத்தால் இங்கே ஏறாது. சில கவுன்சில்கள் குடிமாற்றத்தைப் பதியும் பக்கத்திலேயே வாக்காளர் பதிவுக்கும் இணைப்பு வைத்திருக்கின்றன. கண்ணில் பட்டால் அப்போதே முடித்துவிடுங்கள்.

"நமக்கு இங்கே ஓட்டு ஏது?" என்று கேட்பவர்கள் அதிகம். உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் போதும். வேலை விசா, மாணவர் விசா, துணைவர் விசா எதுவானாலும் சரி. இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இல்லை. 18 வயதானால் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம். ஆனால் பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு வந்த நம்மவர்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு கிடையாது.

அரசின் கவ் டாட் யூகே தளத்தில் ஐந்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. விண்ணப்பம் உங்கள் கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்குப் போய்ச் சேரும். நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் தனி எண்) கேட்பார்கள். இன்னும் வரவில்லையென்றால் காரணத்தை எழுதி அனுப்புங்கள். கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும். "வீட்டுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுவார்" என்று பழைய ஆட்கள் சொல்வது 2014க்கு முந்தைய கதை. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். நீங்கள் பதிந்துவிட்டால் மனைவி பெயர் தானாக வராது.

நம்மவர்கள் சறுக்கும் இடம் பெயர்தான். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும், அப்பா பெயரை முன்னும் பின்னும் மாற்றியும் போடுவோம். நீங்கள் கொடுக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் இன்சூரன்ஸ் நம்பரோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் ஆவணம் கேட்டுக் கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவது நல்லது. ஏனென்றால் 2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களிலும், பிறகு நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். காமன்வெல்த் பாஸ்போர்ட் செல்லும் என்பதால் நம் ஊர் பாஸ்போர்ட்டே போதும். அதுவும் கையில் இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம்.

பதியும்போது 'திறந்த பட்டியலில்' இருக்க விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். நான் வேண்டாம் என்றே குறித்தேன்; ஓட்டுக்கு அதனால் பாதகமில்லை. நம் கடன் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்கள் பார்ப்பது முழுப் பட்டியலை. அதில் பெயர் இருந்தால் போன் ஒப்பந்தமும் வங்கிக் கடனும் கொஞ்சம் சுலபமாகும்.

கடைசி நாள், தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முந்தைய நள்ளிரவு. வீடு மாறினால், பக்கத்துத் தெருவுக்கே போனாலும், மறுபடி பதிய வேண்டும். கோடை முடியும்போது வீட்டுக்கு வரும் சரிபார்ப்புக் கடிதத்தில் முந்தைய குடியிருப்பாளர் பெயர் இருந்தால், "நம்முடையது இல்லை" என்று ஓரம் வைக்காதீர்கள். அந்தப் பெயரை எடுக்கச் சொல்லிப் பதில் போடுங்கள். உங்கள் பெயருக்குத் தனியே விண்ணப்பியுங்கள்.