என் கைக்கு அடங்கிய ரைஃபிள்

நான் ஐந்தடி ஓர் அங்குலம். பென்சில்வேனியாவில் முதல் மான் வேட்டைப் பருவத்துக்காக, "சிறிய உடம்பு, எடை குறைந்ததுதான் சரி" என்று கடைக்காரர் எடுத்துத் தந்ததை நம்பி வாங்கினேன். பெரிய, வலுவான தோட்டாவைச் சுடும் .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பயிற்சித் திடலில் மூன்றாவது முறை சுட்டபோது ரைஃபிள்மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. தோள் ஒரு வாரம் கருநீலமாக இருந்தது. அதைவிட மோசம், பிறகு விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது.

ஒரே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் சுட்டால் உதை கூடத்தான் செய்யும். இதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதோடு, விசையிலிருந்து, தோளில் ஊன்றும் கட்டையின் அடிவரை உள்ள நீளம் பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் 13.5 அங்குலத்தை ஒட்டியிருக்கும், எனக்கு 12.5 போதும். கட்டை நீளமாக இருந்ததால் கழுத்தை முன்னே நீட்டினேன், கண் தொலைநோக்கிக்கு மிக அருகே போய்விட்டது.

நட்டத்துக்கு விற்றுவிட்டுக் குட்டைக் கட்டையுள்ள 7எம்எம்-08 ரெமிங்டன் வாங்கினேன். 1980இல் சந்தைக்கு வந்த தோட்டா. 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு வெண்வால் மானுக்குத் தாராளம். உதை ஏறக்குறைய பாதிதான். கட்டையின் அடியில் தடித்த ரப்பர் மெத்தை போட்டேன், தொலைநோக்கியை முன்னால் தள்ளிப் பொருத்தினேன். மொத்த எடை பழையதைவிடச் சற்று அதிகம், ஆனால் தோள் புகார் சொல்லவில்லை.

கண் மூடும் பழக்கத்தை விரட்டத்தான் இரண்டு மாதம் ஆனது, உதை மிகக் குறைந்த .22 ரைஃபிளில் திரும்பத் திரும்பச் சுட்டு.