தந்தியா, கூடமா? வயலின் ஒலியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

புதுத் தந்தி போட்டும் வயலின் கீச்சென்றே கேட்கிறதா? செட்டிநாட்டு வீட்டில் வாசிப்பவராக இருந்தால், தந்தியைக் குறை சொல்வதற்கு முன் கூடத்தைச் சோதித்துவிடுங்கள்.

படி 1: வயலின் பெட்டியிலேயே இருக்கட்டும். ஹாலின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். காலடியில் ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சில் வழவழவென்று இழைத்த சுவர். இரண்டும் ஒலியை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 'டர்ர்ர்' என ஒரு நடுக்கம் காதில் விழும். அப்புறம் வளவுக்குப் போய்த் தட்டுங்கள். வானம் பார்த்த முற்றம், மேலே போன ஒலி திரும்புவதில்லை. ஒரே வீடு, இரண்டு விதமான ஒலி!

படி 2: இரண்டு இடத்திலும் மாயாமாளவகௌள ராகத்தில் சரளி வரிசையை (கர்நாடக இசையின் ஆரம்பப் பயிற்சி) ஒரே வேகத்தில் வாசித்து, போனில் பதிவு செய்யுங்கள். போனுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் மாறக் கூடாது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்; ஹாலில் மட்டும் கீச்சென்றால் குறை கூடத்தில்தான்.

படி 3: இனி தந்தி. ஆட்டுக்குடல் தந்தியின் ஒலி இதமானது, ஆனால் ஈரக்காற்றில் சுருதி நிற்காது. எஃகுத் தந்தியில் மேல் அதிர்வுகள் சீக்கிரம் அடங்காது, அதனால்தான் அந்தப் பளிச். நைலான் வகை உள்ளிழை கொண்டவை குடலின் இதத்துக்கு நெருங்கி வரும், சுருதியிலும் நிற்கும். ஆனால் சில நாள் இழுபட்ட பிறகே நிலைக்கும், முதல் நாளே தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்த செட் வாங்கினாலும் மெல்லிய முதல் தந்தி பெரும்பாலும் எஃகுதான்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நான்கையும் ஒன்றாகக் கழற்றினேன் ஒருமுறை. தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்தது, வயலினுக்குள் நின்ற சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதைத் திரும்ப நிறுத்த கைதேர்ந்தவர்தான் வேண்டும். தந்திகளின் அழுத்தம்தான் இரண்டையும் பிடித்து நிறுத்துகிறது.

படி 4: ஹாலில் கனமான ஜமுக்காளம் இரண்டை விரியுங்கள், ஒன்றைச் சுவரிலும் தொங்கவிடுங்கள். துணி முதலில் விழுங்குவது உச்ச ஒலிகளைத்தான், கீச்சும் அங்கேதான் இருக்கிறது. சுவரை ஒட்டி நிற்காமல், வளவுக் கதவைத் திறந்து வைத்து வாசியுங்கள்.

சரி, இப்போது அதே சரளி வரிசையை மறுபடி பதிவு செய்யுங்கள். இன்னும் கீச்சென்றால் முதல் தந்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.