இடிக்கப்பட்ட மலாய்க் கம்பத்தைப் பதிவு செய்வது எப்படி?

சிங்கப்பூரில் ஒரு பழைய கம்பத்தை, அதாவது மலாய்க் கிராமத்தை, பதிவு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே புகைப்படம் தேடி ஓடுகிறார்கள். வேண்டாம். ஒரு பெரிய வெள்ளைத்தாள், பென்சில், அங்கே வளர்ந்த இரண்டு மூன்று பெரியவர்கள், தொடங்க இவ்வளவு போதும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு, கிணறு யாருடையது, சூராவுக்கு (சிறிய தொழுகை இடம்) போகும் ஒற்றையடிப் பாதை யார் வீட்டுச் சமையலறையை ஒட்டிப் போனது என்று அவர்களையே வரையச் சொல்லுங்கள். ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) வரைந்ததை அடுத்த பாக்சிக் மறுப்பார். ஒலிப்பதிவை நிறுத்திவிடாதீர்கள், பாதி விவரம் அந்த வாக்குவாதத்தில்தான் வரும்.

ஜாலான் யூனோஸ் சாலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1924-இல் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் மலாய்க்காரரான முகமது யூனோஸ் அப்துல்லா, தம் மக்களுக்கென்று நிலம் கேட்டுப் போராடியதால் அங்கே கம்போங் மலாயு என்ற கம்பம் உருவானது. 1980களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்பும் விரைவுச்சாலையும் வர, கம்பம் போய்விட்டது. இன்று மிச்சமிருப்பது சாலையின் பெயரும், மலாய் வீட்டுக் கூரையை நினைவுபடுத்தும் எம்ஆர்டி ரயில் நிலையமும்தான். இப்படி முழுதாக அழிந்த இடத்துக்கு, பெரியவர்கள் வரைந்த படத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய வான்வழிப் படங்களோடும் நில அளவை வரைபடங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மரங்களுக்கு அடியில் இருந்த வீடுகள் மேலிருந்து தெரியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்புறம் வீடு. செரம்பி (முன் திண்ணை) எத்தனை அடி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஹரி ராயா பெருநாளுக்கு உறவுக்காரர்கள் வந்தால் அங்கே எத்தனை பேர் படுத்தீர்கள், மழை பெய்தால் அத்தாப்பு ஓலைக் கூரை எந்த மூலையில் ஒழுகும், வீட்டுக்கு அடியில் என்னென்ன போட்டு வைத்தீர்கள் என்று கேட்டால் வீடு தானாக எழுந்து நிற்கும். வீடு சொந்தம், நிலம் வாடகை என்ற ஏற்பாடு பல கம்பங்களில் இருந்தது. அதையும், காலி செய்யும்போது இழப்பீடு எப்படிக் கணக்கிட்டார்கள், பக்கத்து வீட்டார் எந்த அடுக்குமாடி புளோக்குக்குப் போனார்கள் என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

'கோத்தோங் ரோயோங் (ஊர் கூடி உதவும் வழக்கம்) இருந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஆமாம், அது ஒரு காலம்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஒரே ஒரு கல்யாணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெங்காயம் உரித்தது யார், பெரிய சட்டி யார் வீட்டிலிருந்து வந்தது, பந்தல் போட எப்போது கூடினார்கள், எந்தக் கடையில் கடன் சொன்னார்கள், யாரை அழைக்கவில்லை? கடைசிக் கேள்வியை மாக்சிக்குகளிடம் (மலாய் மூதாட்டிகளிடம்) கேட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. வெள்ளம், வாளிக் கழிப்பறை, தீப்பிடிக்கும் பயம் இவற்றையும் கேளுங்கள், இல்லாவிட்டால் கம்பம் சுற்றுலா விளம்பரம் போல ஆகிவிடும்.

பேச்சு மலாயில் நடந்தால் மலாயிலேயே பதியுங்கள், மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதுதான் புகைப்படம். 600 டிபிஐ துல்லியத்தில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் ஜாவி எழுத்தில் (மலாயை எழுதும் அரபு வரிவடிவம்) ஏதாவது இருக்கலாம், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆட்களின் முகத்தை விட அவர்களுக்குப் பின்னால் தெரியும் படிக்கட்டு, ஜன்னல், வேலி இவைதான் உங்களுக்கு வேண்டியவை. தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தேடும்போது 'கம்போங்' (kampong), 'கம்புங்' (kampung) என இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள், பழைய செய்திகளில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும்.

நிலத் தகராறு, சொத்துப் பங்கு, பழைய சண்டை இவையெல்லாம் பேச்சுவாக்கில் வந்துவிடும். வெளியிடும் முன் அந்தப் பகுதிகளை அவர்களுக்கே போட்டுக் காட்டி, வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதியும் வரைபடத்தின் அச்சுப் பிரதியும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும். ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.