ஸ்கேல் மாடலுக்கு ஏர்பிரஷ்: எந்த முனை அளவில் தொடங்குவது?

ஸ்கேல் மாடல்களுக்கு (நிஜ வாகனம், விமானம் போன்றவற்றின் சிறிய நகல்களுக்கு) காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவியான ஏர்பிரஷ் வாங்கப் போகிறவர்களை முதலில் குழப்புவது 0.2, 0.3, 0.35, 0.5 என்ற எண்கள்தான். பெயின்ட் வெளியே வரும் முனையில் இருக்கும் துளையின் விட்டம் அது, மில்லிமீட்டரில். எண் சிறியதென்றால் கோடும் மெல்லியதாக வரும் என்று நம்பிப் பலர் நேராக 0.2 வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். முதல் ஏர்பிரஷ் 0.3 அல்லது 0.35 ஆக இருக்கட்டும். காரணத்தைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முனை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்

முனைக்குள் கூம்பு வடிவ ஊசி ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷில் டிரிகரைக் கீழே அழுத்தினால் காற்று மட்டும் வரும். அப்படியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி இடைவெளி திறக்கும், பெயின்ட் வரும். ஆகவே கோட்டின் தடிமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் விரல். டிரிகரை எவ்வளவு இழுக்கிறீர்கள், மாடலுக்கு எவ்வளவு கிட்டே பிடிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அதிகபட்சம் எவ்வளவு பெயின்ட் போகலாம், எவ்வளவு பெரிய நிறமித் துகள் சிக்காமல் நுழையலாம் என்பதை மட்டுமே துளை முடிவு செய்கிறது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிட மிகப் பெரியது.

படி 2: என்ன பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள்?

மாடலின் அளவைப் பார்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமரில் நிரப்பும் துகள்கள் நிறைய. வார்னிஷ் கெட்டியானது. இரண்டுக்கும் 0.4, 0.5 வசதி, நன்றாகக் கரைத்தால் 0.3-லும் அடிக்கலாம். மெட்டாலிக் பெயின்டில் இருக்கும் செதில்கள் பெரியதாக இருந்தால் 0.2 உடனே அடைத்துக்கொள்ளும். ஏர்பிரஷுக்கென்றே நைஸாக அரைத்து, கரைத்த நிலையிலேயே விற்கும் லாக்கர் (காரமான கரைப்பானில் கரைந்த, வேகமாகக் காயும் பெயின்ட்) மெட்டாலிக்குகள் இதற்கு விதிவிலக்கு.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்தான் தொடக்கத்தில் அதிகம் சோதிக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி நுனியில் காய்ந்து படியும். துளை சிறிதாகச் சிறிதாக இந்தத் தொல்லை கூடும். 0.2 வாங்கிய புதியவர் அடிப்பதைவிடத் துடைப்பதில் அதிக நேரம் செலவழிப்பது இதனால்தான்.

படி 3: மாடலைப் பாருங்கள்

1/35 (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவு) டேங்க், 1/48 விமானம் போன்றவற்றுக்கு 0.3 எல்லாவற்றையும் செய்துவிடும். 1/24 காரின் பளபளப்பான பாடிக்கு 0.4 அல்லது 0.5 வேண்டும், பெயின்ட் ஈரமாக, ஒரே சீராக விழுந்தால்தான் பளபளப்பு வரும். 1/72 ஜெர்மன் போர் விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளித் திட்டுகள் போன்ற வேலையில்தான் 0.2-இன் அருமை தெரியும்.

படி 4: கரைப்பும் அழுத்தமும்

துளை சிறியதானால் பெயின்ட் மெல்லியதாக வேண்டும். பெயின்ட் மெல்லியதானால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மாடலின் மேல் சிலந்திக் கால்கள் மாதிரி ஓடிவிடும். 0.3 முனையில் பொதுவான வேலைக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைத்துத் தொடங்குங்கள். மெல்லிய கோடுகளுக்கு 10-12 போதும். பிரைமருக்கு 20-25 வரை போகலாம். டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக்கை அதன் சொந்தத் தின்னருடன் (கரைக்கும் திரவம்) சரிபாதி கலந்து ஆரம்பித்து, தேவைப்பட்டால் தின்னரைக் கூட்டிக்கொள்ளுங்கள். லாக்கரோ அக்ரிலிக்கோ, ஜன்னல் திறந்திருக்கட்டும், முகத்தில் ரெஸ்பிரேட்டர் (வடிகட்டி உள்ள முகமூடி) இருக்கட்டும்.

படி 5: காகிதத்தில் பழகுங்கள்

முதலில் புள்ளிகள். பிறகு அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடுகள். முனையைக் காகிதத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, காற்றை முதலில் விட்டு, டிரிகரை மயிரிழை அளவு இழுங்கள். முடிக்கும்போது பெயின்டை முதலில் நிறுத்துங்கள், காற்று கடைசியில். 0.3 முனையில் ஒரு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் சீரான கோடு வரத் தொடங்கிவிட்டால், பெரும்பாலான கேமஃப்ளாஜ் (மறைப்பு நிறத் திட்டுகள்) வேலைக்கு வேறு முனையே தேவைப்படாது.

படி 6: அளவை மாற்றுவதென்றால்

முனையை மட்டும் மாற்றினால் போதாது. அதற்குப் பொருந்தும் ஊசியையும் மாற்ற வேண்டும். பல ஏர்பிரஷ்களில் முன்னால் முனையைச் சூழ்ந்திருக்கும் மூடியான ஏர் கேப்பையும் சேர்த்துத்தான். இதை மனதில் வைத்தே வாங்குங்கள். ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் நிறுவனத்தின் எவல்யூஷன் வரிசையில் 0.2, 0.4 இரண்டும் ஒரே செட்டாகக் கிடைக்கும். அதில் முனைக்கு மரையே கிடையாது, பொருத்துவது சுலபம். இவாட்டா எக்லிப்ஸ் ஹெச்பி-சிஎஸ் 0.35 முனையோடு வருகிறது, அதுவும் மரை இல்லாத வகை. மிகச் சிறிய மரையுள்ள முனை உங்களுடையதில் இருந்தால், அதற்கான ஸ்பானரால் மெதுவாக, பிடிப்பு வந்தவுடன் நிறுத்துங்கள். ஒரு கால் சுற்று அதிகமானாலும் மரை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம்.

பழைய ஊசியைக் கழற்றும்போது பின்பக்கமாக உருவுங்கள். பெயின்ட் காய்ந்து இறுகியிருந்தால் முதலில் கிளீனர் விட்டு ஊற வைத்து, அப்புறம் உருவுங்கள். புதிய ஊசியை உள்ளே விடும்போது முனையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், அழுத்தினால் முனை விரிந்துவிடும்.

மாற்றிய பிறகு தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். பெயின்ட் ஊற்றும் கப்பில் குமிழி வந்தால் முனை சரியாக உட்காரவில்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. ஸ்பிரே ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசி நுனி வளைந்திருக்கலாம். நகத்தின் மேல் நுனியை மெல்ல இழுத்துப் பாருங்கள், கீறினால் வளைவு உறுதி.